நல்ல வீரர்கள் இருந்தும் எங்கள் கல்லூரிக் கூடைப்பந்தாட்ட அணிக்குப் புள்ளிகள் ஏன் வருவதில்லை?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: உங்கள் கல்லூரியின் 20 வயதுக்குட்பட்ட அணி திருகோணமலை வலயப் போட்டிகளில் 70 புள்ளிகளுக்கு மேல் எடுத்து எளிதாக வென்றது, அதே ஐவர் மாகாணப் போட்டியில் மட்டக்களப்பு அணியொன்றைச் சந்தித்தபோது 40 புள்ளிகளைக்கூடத் தொடவில்லை. உயரமான இருவர் இருக்கிறார்கள், ஷூட்டிங் பயிற்சியையும் இரட்டிப்பாக்கிவிட்டீர்கள், ஆனாலும் மாற்றமில்லை. பயிற்றுநரை மாற்றினால் சரியாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இந்த ஊரில் விளையாடி, பின்னர் பல ஆண்டுகளாகப் பாடசாலைப் போட்டிகளில் புள்ளி மேசையில் இருந்து ஸ்கோர் எழுதி வருபவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். மாகாணப் போட்டியில் உங்கள் தாக்குதல் ஆட்டம் சரிந்துவிடவில்லை. வலய மட்டத்திலேயே அது இருக்கவில்லை என்பதுதான் உண்மை. அங்கே கிடைத்த 70 புள்ளிகளில் பெரும்பகுதி எதிரணியின் கையிலிருந்து பந்தைப் பறித்து, ஆளில்லாத களத்தில் ஓடிப்போய் லே-அப்பாக, அதாவது கூடைக்கு அருகிலிருந்தே இலேசாக, போட்ட புள்ளிகளாகவே இருக்கும். அவை உங்கள் தடுப்பாட்டம் ஈட்டித் தந்தவை. ஐந்து எதிராளிகளும் தங்கள் இடத்தில் வந்து நின்ற பிறகு, அரைக் களத்தில் பந்தைச் சுற்றிவிட்டு எடுத்த புள்ளிகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தீர்களா? அந்த எண்ணிக்கை தெரியாமல் வைத்த எதிர்பார்ப்பு முதலிலேயே பிழையானது.

மட்டக்களப்பு அணிகள் அப்படிப் பந்தைப் பறிகொடுப்பவை அல்ல. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குருமார் கிழக்கில் வளர்த்துவிட்ட ஆட்டம் இது. 1990 ஆகஸ்டில் காணாமல்போன அருட்தந்தை யூஜின் ஹேபேர்ட் புனித மைக்கேல் கல்லூரி அணியை நெடுங்காலம் பயிற்றுவித்தவர். அந்த மரபில் வரும் பிள்ளைகள் சிறு வயதிலேயே தலையை நிமிர்த்திப் பந்தைத் தட்டவும், இரு கைகளாலும் பாஸ் கொடுக்கவும் பழகிவிடுகிறார்கள். அவர்களிடம் பறிப்பதற்கு ஒன்றும் கிடைக்காதபோது உங்கள் பாஸ்ட் பிரேக், அதாவது பறித்த பந்தோடு விரைந்து ஓடிப்போய்த் தாக்கும் ஆட்டம், நின்றுபோகிறது. அது நின்றதும் உங்களிடம் வேறு வழி இல்லை என்பது வெளிச்சத்துக்கு வருகிறது.

இதை ஸ்கோர் ஷீட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நான் எழுதும் தாளில் விழுந்த பந்துகள் இருக்கும், ஃபவுல்கள் இருக்கும், ஓய்வு கேட்ட நேரம் இருக்கும். தவறிய ஷாட்டுக்கும், ஷாட் எடுக்காமலே இழந்த பந்துக்கும் அதில் இடமே இல்லை. ஆகவே, விளையாடாத மாணவர் ஒருவரிடம் ஒரு சி.ஆர். கொப்பியைக் கொடுத்து உட்கார வையுங்கள். பந்து உங்கள் அணியின் கைக்கு வந்து போகும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி: எப்படி வந்தது, எத்தனை பாஸ் நடந்தது, எங்கிருந்து ஷாட் போனது, அல்லது ஷாட் இல்லாமலே எப்படிப் போனது. இரண்டு போட்டிகளுக்கு எழுதினாலே போதும், பயிற்றுநரும் பழைய மாணவர்களும் மாதக்கணக்காகச் செய்யும் வாக்குவாதத்துக்கு விடை அதில் இருக்கும்.

அமெரிக்கப் புள்ளிவிவர ஆய்வாளர் டீன் ஒலிவர் ஓர் அணியின் தாக்குதலை நான்கு காரணிகளாகப் பிரித்தார்: ஷாட் விழும் வீதம், ஷாட் எடுக்காமல் பந்தை இழக்கும் வீதம், தன் அணி தவறவிட்டதைத் தானே மீண்டும் பிடிக்கும் ரீபவுண்ட், எதிரணியின் ஃபவுலுக்காகக் கிடைக்கும் மறிப்பில்லாத எறிதலான பிரீ த்ரோ. முதலாவதே அதிக எடையுள்ளது என்று அவரும் சொல்கிறார். ஆனால் பாடசாலை மட்டத்தில் இரண்டாவதுதான் அணிகளை வீழ்த்துகிறது என்பது என் கணிப்பு. ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு போட்டியில் பந்து உங்களுக்கு 70 முறை வருகிறது என்றும், அதில் 25 முறை ஷாட் எடுக்காமலே இழக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். மீதி 45 ஷாட்டுகள். எல்லாம் இரண்டு புள்ளி ஷாட்டுகள், 40 சதவீதம் விழுகின்றன என்றால் 36 புள்ளிகள். நீங்கள் ஷூட்டிங் பயிற்சியை இரட்டிப்பாக்கி, கடும் உழைப்பால் அந்த வீதத்தை 45 ஆக உயர்த்தினால் கிடைப்பது 40 புள்ளிகள் மட்டுமே. ஷூட்டிங்கைத் தொடாமல், இழக்கும் பந்துகளில் பத்தைக் குறைத்தால் 55 ஷாட்டுகள், 44 புள்ளிகள். அத்துடன், நடுக் களத்தில் பறிபோகும் பந்து மறுமுனையில் எதிரணிக்கு இலவச லே-அப்பாக மாறுவதும் குறையும். இந்தக் கணக்கில் ரீபவுண்டையும் பிரீ த்ரோவையும் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் திசை மாறாது.

மொத்தப் புள்ளிகளை மட்டும் பார்ப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகப் போட்டிகளில் 2019இல் சம்பியனான வேர்ஜீனியா அணி அந்நாட்டிலேயே மிக மெதுவாக ஆடும் அணிகளில் ஒன்று. ஆகையால் அதன் போட்டிகளில் புள்ளிகள் குறைவாகவே இருக்கும். ஆனால் பந்து கைக்கு வந்த ஒரு முறைக்கு எத்தனை புள்ளி என்று பார்த்தால் முன்னணியில் நின்ற அணி அது. உங்கள் அணியையும் அந்த அளவுகோலால் அளந்தால்தான் எந்தப் போட்டியில் நன்றாக ஆடினீர்கள் என்பதே புரியும்.

இனி அரைக் களத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மாகாணப் போட்டிகளில் நான் மேசையிலிருந்து திரும்பத் திரும்பப் பார்க்கும் காட்சி இது. ஆட்டத்தை நடத்தும் பொயின்ட் கார்ட் பந்தைத் தட்டியபடி நடுக்கோட்டைத் தாண்டுகிறார். விதி தரும் எட்டு வினாடிகளில் ஆறோ ஏழோ அதற்கே போய்விடுகிறது. பிறகு விரலை உயர்த்தி ஏதோ ஒரு சைகை காட்டுகிறார், மற்றவர்கள் இடம் மாறும் வரை காத்திருக்கிறார், வலது பக்கமாகவே நகர்கிறார். முதல் பாஸ் போகும்போது, ஷாட் எடுக்க விதி தரும் 24 வினாடிகளில் பாதி முடிந்திருக்கும். இடது பக்கம் இருவர் இடுப்பில் கைவைத்து நிற்கிறார்கள். பந்து உயரமானவரிடம் போகிறது. அவர் கூடைக்கு முதுகு காட்டி நிற்க, இரண்டு தடுப்பாளர்கள் அவரை மொய்க்கிறார்கள். அவர் வெளியே திருப்பிக் கொடுக்கிறார். மிச்சமிருப்பது நான்கு வினாடி. பிடித்தவர் மூன்று புள்ளிக்குரிய 6.75 மீற்றர் கோட்டுக்கு வெளியே நின்று, சமநிலை இல்லாமல், முகத்துக்கு நேரே ஒரு கை இருக்க எறிகிறார். பந்து ரிங்கைக்கூடத் தொடவில்லை. பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே குரலில் “ஷூட்டிங் சரியில்லை” என்கிறார்கள். அந்த ஷாட்டைத் தேசிய அணி வீரரிடம் கொடுத்தாலும் அநேகமாக விழாது. அதற்கு முன்னே போன இருபது வினாடிகளில்தான் பிழை இருக்கிறது.

எங்கள் ஊர்ப் பயிற்சிக் களங்களில் பெரும்பாலும் 24 வினாடிக் கடிகாரம் இருப்பதில்லை என்பதும் இதற்கு ஒரு காரணம். பயிற்சியில் அவசரம் இன்றி நாற்பது வினாடி பந்தைச் சுற்றிப் பழகியவர்களுக்குப் போட்டியில் கடிகாரம் ஒலிக்கும்போது பதற்றம் வருவது இயற்கை. கடிகாரம் வாங்கப் பணம் தேட வேண்டியதில்லை. கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு ஒருவர் கடைசிப் பத்து வினாடிகளை உரக்க எண்ணினால் போதும்.

உங்கள் உயரமான இருவரையும் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எதிர்பார்ப்பு முழுவதும் அவர்கள் மீதுதான் இருக்கிறது. இருவரையும் கூடைக்கு அருகே நிறுத்துவது வலய மட்டத்தில் பலன் தரும், ஏனென்றால் அங்கே அவர்களைவிட உயரமானவர் எவரும் இல்லை. முன்னே இருவர், பின்னே மூவர் என்று ஸோன் தடுப்பில், அதாவது ஆளுக்கு ஆள் என்றில்லாமல் ஆளுக்கு ஓர் இடத்தைக் காத்து, நிற்கும் அணிக்கு எதிராக அதுவே பெரும் பிழையாகிறது. உங்கள் இருவரோடு அவர்களைக் காக்கும் மூவரும் ஒரே சதுரத்துக்குள் வந்துவிடுவதால் பந்து உள்ளே போக வழியில்லை. கூடைக்கு முன்னுள்ள கட்டத்தில் தாக்கும் அணியினர் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக்கூடாது என்ற விதிக்கு அஞ்சி உங்கள் இருவரும் உள்ளும் வெளியுமாக நடந்துகொண்டே இருப்பார்கள். அந்த ஸோனின் ஓட்டை பிரீ த்ரோ கோட்டின் நடுப்பகுதியில் இருக்கிறது. இருவரில் கை நிதானமும் பார்வையும் உள்ளவர் எவரோ அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்துங்கள். பந்து அவர் கைக்குப் போனவுடன் பின்வரிசை நடுத் தடுப்பாளர் முன்னே வர வேண்டியிருக்கும். வந்தால் அவருக்குப் பின்னே நிற்கும் மற்ற உயரமானவருக்கு ஒரு பாஸ். வராவிட்டால் அங்கிருந்தே நாலரை மீற்றர் ஷாட். முன்வரிசை இருவர் அவர் பக்கம் திரும்பினால் வெளியே நிற்பவர் தனித்து விடப்படுகிறார், அப்போது எடுக்கும் மூன்று புள்ளி ஷாட் முன்னே சொன்ன ஷாட்டைப் போன்றதல்ல. இருவரில் யார் உயரம் என்று பார்க்காமல், யார் பந்தைப் பிடித்தவுடன் கீழே தட்டாமல் நிமிர்ந்து பார்க்கிறார் என்பதை வைத்து முடிவெடுங்கள். அநேகமாக அவர் இருவரில் சற்றுக் குள்ளமானவராகவே இருப்பார்.

ஷூட்டிங்கைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. திறந்தவெளிச் சீமெந்துக் களத்தில் ஆடும் நமக்கென்று ஒரு குறை உண்டு. வைகாசிக்குப் பின் கச்சான் பிடித்தால் பிற்பகலில் உயர்த்தி எறிந்த பந்து நேரே போகாது. ஆகவே பிள்ளைகள் தம்மையறியாமல் பந்தைத் தட்டையாக, வேகமாக எறியப் பழகுகிறார்கள். ரிங்கின் உள்விட்டம் 45 சென்ரிமீற்றர், பந்தின் விட்டம் ஏறத்தாழ 24. பந்து 45 பாகைக் கோணத்தில் இறங்கினால் அதற்குத் தெரியும் வாசல் ஏறக்குறைய 32 சென்ரிமீற்றர். 30 பாகையில் இறங்கினால் 22.5 தான், அதாவது ரிங்கில் படாமல் உள்ளே போகவே முடியாது. கொழும்பு சுகததாச உள்ளரங்கு போன்ற இடத்தில் காற்றே இல்லாதபோதும் அந்தத் தட்டையான கையே தொடர்கிறது. காற்று ஓய்ந்த காலை வேளைக்குத் தூர ஷாட் பயிற்சியை மாற்றுங்கள். கச்சான் வீசும் பிற்பகலைப் பாஸ், கால் வேலை, இடம் மாறுதல் ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் களம் வழுக்கும் நாட்களுக்கு ஒரு வகுப்பறைச் சுவரும் இரண்டு பந்துகளும் பாஸ் பயிற்சிக்குப் போதும்.

பிரீ த்ரோவும் தாக்குதல் ரீபவுண்டும் மேலே சொன்னவை சரியானால் தாமாகவே கூடும். பந்து உள்ளே போகும்போதுதான் எதிரணி ஃபவுல் செய்யும். ஒரு கால்பகுதியில் அவர்களுடைய ஐந்தாவது ஃபவுலிலிருந்து உங்களுக்கு இரண்டு பிரீ த்ரோக்கள். வெளியிலிருந்தே எறிந்துகொண்டிருக்கும் அணிக்கு அந்த வரவு இல்லை.

பயிற்றுநரை மாற்றுவது பற்றி: வேண்டாம் என்பேன், குறைந்தது இந்தப் பருவம் முடியும் வரை. புதியவர் வந்தால் முதலில் புதிய சைகைகளைச் சொல்லித் தருவார். உங்களுக்கு உடனே வேண்டியது சைகை அல்ல. இரண்டாவது பந்து கையாளுபவர் ஒருவர்தான் வேண்டும். இப்போது உங்கள் பொயின்ட் கார்ட்டை இருவர் மறித்தால் அணியே நின்றுவிடுகிறது. அவருக்கு இது உயர்தரப் பரீட்சை ஆண்டு என்றும், ரியூஷன் காரணமாக வாரத்தில் பாதிப் பயிற்சிக்கு வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் வராத நாட்களில் 18 வயதுக்குட்பட்ட அணியிலிருந்து இடது கையாலும் பந்தைத் தட்டக்கூடிய ஒருவரை அழைத்து, மூத்தவர்கள் இருவர் மறிக்க, நடுக்கோட்டை ஐந்து வினாடிக்குள் தாண்டச் செய்யுங்கள். முதல் இரண்டு வாரங்கள் அந்தப் பிள்ளை பந்தை இழந்துகொண்டே இருப்பார், மூத்தவர்கள் முணுமுணுப்பார்கள்; அதையும் கொப்பியில் எழுதிவையுங்கள், மாகாணப் போட்டிக்கு யாரைத் தொடக்க ஐவரில் இறக்குவது என்று முடிவெடுக்க அந்தப் பக்கங்கள் வேண்டியிருக்கும்.