கேட்டு வாங்குங்கள்: பிரேசிலுக்குள் பயணம்

பிரேசிலில் ஊர்விட்டு ஊர் போவது பற்றி ஒரே சமயத்தில் நிறையக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. இந்த முறை அவை மட்டும். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: இரண்டு வாரம் பிரேசிலைச் சுற்ற ரயில் பாஸ் எங்கே மலிவாகக் கிடைக்கும்?

பதில்: எங்கும் கிடைக்காது, அப்படி ஒன்று இல்லை. நெடுந்தூரப் பயணிகள் ரயில் என்று சொல்லத்தக்கவை இரண்டே. ஒன்று பெலோ ஒரிசான்டேவுக்கும் விட்டோரியாவுக்கும் இடையே ஓடுவது, 664 கி.மீ. மற்றது வடக்கே சாவோ லூயிஸிலிருந்து பராவுபெபாஸ் போவது, அதுவும் வாரத்தில் சில நாள்தான். இரண்டுமே இரும்புத்தாது ஏற்றிச் செல்லும் பாதைகள். மற்றபடி பேருந்து, விமானம், அமேசானில் படகு. ‘பாஸ்’ தருகிறேன் என்று யார் வந்தாலும் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஏஜென்ட் மூலம் சென்னையிலிருந்து சாவோ பாலோ, அங்கிருந்து ஃப்ளோரியனோபொலிஸ் என்று டிக்கெட் எடுத்தோம். நடுவில் மூன்று மணி நேரம் இருக்கிறது, தாராளம் என்றார். இறங்கியது ஒரு விமான நிலையம், அடுத்த விமானம் கிளம்புவது வேறொன்று! வயதான அம்மாவோடு டாக்சியில் ஓடியும் விமானம் போய்விட்டது. புது டிக்கெட் வாங்கினோம். ‘டிக்கெட்டில் எழுதித்தானே இருக்கிறது’ என்கிறார் ஏஜென்ட்.

பதில்: உங்கள் மீது தவறில்லை அம்மா. ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுப்பதே இதையெல்லாம் அவர் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான்.

சாவோ பாலோ என்று விற்கப்படும் விமான நிலையங்கள் மூன்று. வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் இறங்கும் குவாருல்யோஸ், நகருக்கு வெளியே இன்னொரு நகராட்சியில் இருக்கிறது. கொங்கோன்யாஸ் நகருக்கு நடுவே, உள்நாட்டு விமானங்களுக்கு. மூன்றாவதான விராகோபோஸ், கம்பினாஸ் என்ற ஊரில், ஏறக்குறைய நூறு கி.மீ. தள்ளி. டிக்கெட்டில் ஜி.ஆர்.யு., சி.ஜி.எச்., வி.சி.பி. என்ற மூன்றெழுத்துகள்தான் இவற்றைப் பிரித்துக் காட்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்ட வேண்டும். அதற்கே இரண்டு மணி நேரம் போய்விடலாம். அப்புறம் சாவோ பாலோவின் மாலை நேரச் சாலை. மூன்று மணி நேரம் தாராளம் என்று சொன்னவர் அந்த ஊர் வரைபடத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இரண்டு பயணமும் ஒரே முன்பதிவு எண்ணில் இருந்ததா, தனித்தனியா என்று பாருங்கள். ஒரே எண் என்றால் விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். தனித்தனி என்றால் அவர்களுக்குப் பொறுப்பில்லை, ஏஜென்டின் சேவைக் குறைபாடு அது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ‘தாராளம்’ என்று அவர் அனுப்பிய குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி.

கேள்வி: மலிவு விலையில் ரியோ – சல்வடோர் விமான டிக்கெட் வாங்கினேன். பெட்டிக்குத் தனியாகப் பணம் கேட்டார்கள். இது பகல் கொள்ளை அல்லவா?

பதில்: இல்லை. 2017 முதல் பிரேசில் நிறுவனங்கள் சரக்குப் பெட்டிக்குத் தனிக் கட்டணம் வாங்கலாம். கையில் கொண்டுபோகும் 10 கிலோ மட்டுமே இலவசம். வாங்கும்போது திரையில் அதைக் காட்டியிருப்பார்கள், நீங்கள் விலையை மட்டும் பார்த்தீர்கள். அதே விதிகளில் உங்களுக்குச் சாதகமானதும் உண்டு. பயணத்துக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது வாங்கிய டிக்கெட்டை, உறுதிச் சீட்டு வந்த 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும். வாங்கிய அன்றே நிதானமாகப் படித்திருந்தால் அது உங்களுக்குப் பயன்பட்டிருக்கும்.

கேள்வி: பேருந்து டிக்கெட் வாங்கப் போனால் எல்லா இணையதளமும் ‘சி.பி.எஃப்.’ என்று ஒரு எண் கேட்கிறது. அதில்லாமல் பணம் கட்டும் பக்கமே திறக்கவில்லை. ஒருவர் கட்டணம் வாங்கிக்கொண்டு எண் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இந்த எண் விவகாரத்தில் எனக்கு இருக்கும் கோபம் பழையது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சி.பி.எஃப். என்பது பிரேசில் வரித்துறை ஒவ்வொருவருக்கும் தரும் 11 இலக்க எண். மருந்துக் கடை முதல் சூப்பர் மார்க்கெட் வரை பில் போடும்போது அதைக் கேட்பார்கள். உள்ளூர்க்காரருக்குப் பெயர் மாதிரி பழகிவிட்டது. சிக்கல் என்னவென்றால், இணையதளம் செய்கிறவர்கள் வாங்குகிறவர் எல்லோரும் உள்ளூர்க்காரர் என்றே எண்ணிச் செய்கிறார்கள். பெயர், தேதி, இருக்கை எல்லாம் நிரப்ப விட்டு, கடைசிப் பக்கத்தில் கதவைச் சாத்துகிறார்கள். சுற்றுலாப் பயணிகளை வா வா என்று அழைக்கும் ஒரு நாடு, அந்தப் பயணி ஒரு பேருந்து டிக்கெட்டைத் தானே வாங்க முடியாதபடி வைத்திருப்பது பெரும் அநியாயம். இந்த ஓட்டைக்குள்தான் தரகர்கள் புகுந்துகொள்கிறார்கள். ஒருவர் போலி எண் தருவார். இன்னொருவர் தன் எண்ணில் உங்களுக்கு டிக்கெட் எடுத்துத் தந்து மேலே பணம் வாங்குவார். நாளை டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் யார் கணக்குக்குப் போகும்? யோசித்துப் பாருங்கள்.

இணையத்தில் கிடைக்கும் எண் தயாரிப்புக் கருவியில் ஒன்றை உருவாக்கிப் போடலாம் என்று சில பயணிகள் அறிவுரை சொல்கிறார்கள். அந்த எண் உயிரோடிருக்கும் யாருடையதாகவும் இருக்கலாம். இன்னொருவரின் வரி எண்ணில் கொள்முதல் செய்வது குற்றம். தயவுசெய்து வேண்டாம்.

நேரான வழிகள் இருக்கின்றன. சில தளங்களில் ஆவணம் என்ற இடத்தில் கடவுச்சீட்டைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு, முதலில் அதைத் தேடுங்கள். நீண்ட காலம் தங்கப் போகிறவர் என்றால் வெளிநாட்டவரும் பிரேசில் தூதரகம் வழியாகவே இந்த எண்ணுக்கு விண்ணப்பிக்கலாம், தரகர் தேவையில்லை. எல்லாவற்றையும்விட எளியது, ரோடோவியாரியா என்று பலகை போட்ட நகரப் பேருந்து நிலையத்துக்குப் போய், நிறுவனத்தின் கவுன்டரில் கடவுச்சீட்டை நீட்டுவது. சாவோ பாலோவின் டியெடே நிலையத்தில் நிறுவனங்களின் கவுன்டர்கள் வரிசையாக இருக்கும். போக வேண்டிய ஊர், தேதி, வகுப்பு மூன்றையும் காகிதத்தில் எழுதிக் காட்டினால் மொழி தெரியாதவருக்கும் டிக்கெட் கிடைக்கும். கார்னிவல், டிசம்பர் கடைசி, ஈஸ்டர் வாரம் ஆகியவற்றுக்கு மட்டும் முன்கூட்டியே போங்கள்.

கேள்வி: பேருந்தில் ‘லெய்ட்டோ’ என்ற படுக்கை வகுப்புக்குப் பணம் கட்டினேன். கிடைத்தது கொஞ்சம் சாயும் சாதாரண இருக்கை. பதினாறு மணி நேரம் முதுகு ஒடிந்தது.

பதில்: என்னிடமும் ஒரு இடைத்தரகு இணையதளம் இதே வித்தையைக் காட்டியது. இரண்டடுக்குப் பேருந்தின் படத்தையும் அகலமான படுக்கை இருக்கையையும் காட்டி விற்றார்கள், எனக்கு வந்தது மேல்தளத்து இருக்கை. இரண்டடுக்குப் பேருந்துகள் பலவற்றில் கீழ்த்தளத்தில்தான் லெய்ட்டோ இருக்கும், வரிசைக்கு மூன்றே இருக்கைகள். மேல்தளம் செமி லெய்ட்டோ, வரிசைக்கு நான்கு. பேருந்து ஒன்றே, விலை இரண்டு. ஆகவே படத்தைப் பார்க்காதீர்கள். இருக்கை வரைபடத்தைத் திறந்து எந்தத் தளம், வரிசைக்கு எத்தனை என்று எண்ணுங்கள். ‘எக்ஸிகுட்டிவோ’ என்ற பெயரைக் கேட்டு உயர்ந்த வகுப்பு என்று நினைக்கவும் வேண்டாம், அது செமி லெய்ட்டோவுக்கும் கீழே.

டிக்கெட்டில் அச்சான வகுப்பையும் இருக்கையையும் படமெடுத்து நிறுவனத்துக்கு அனுப்பி விலை வித்தியாசத்தைக் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் புரோகான் என்ற அரசு நுகர்வோர் அமைப்பு ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கிறது. 1990-இல் வந்த அந்த நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பல்லுள்ள சட்டம். வெளிநாட்டவருக்குச் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம், ஒரு போர்வை எடுத்துப் போங்கள். இரவுப் பேருந்துகளில் குளிர்சாதனத்தைக் கடுமையாக வைப்பார்கள்.

கேள்வி: மணல் மேடுகளுக்கு நடுவே நீல ஏரிகள் இருக்கும் லென்சோயிஸுக்கு டிசம்பரில் போகிறேன். சல்வடோரிலிருந்து லென்சோயிஸுக்குப் பேருந்து டிக்கெட்டும் வாங்கிவிட்டேன். நல்ல வழிகாட்டி யாரையாவது சொல்லுங்கள்.

பதில்: நீங்கள் டிக்கெட் வாங்கியிருப்பது வேறு ஊருக்கு. பாஹியா மாநிலத்தின் லென்சோயிஸ் மலையும் அருவியும் குகையும் உள்ள சப்பாடா டியமன்டினாவின் வாசல். நீங்கள் படத்தில் பார்த்த மணல் மேடுகள் லென்சோயிஸ் மரன்யென்ஸஸ், மரன்யாவோ மாநிலத்தில், அங்கிருந்து ஆயிரம் கி.மீ.க்கு மேல். அதற்கு சாவோ லூயிஸ் போய், பரெய்ரினியாஸ் என்ற ஊருக்குச் சாலை வழியே செல்ல வேண்டும். இரண்டாவது தவறு டிசம்பர். அந்த ஏரிகள் மழைநீர். ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் நிறைந்திருக்கும், ஆண்டுக் கடைசியில் பெரும்பாலும் வற்றிக் கிடக்கும். பணம் கட்டும் முன் வரைபடத்தில் ஊரை ஒரு தடவை தொட்டுப் பார்த்திருக்கக் கூடாதா?

பேருந்து டிக்கெட்டைக் காப்பாற்றலாம். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேதி போட்ட டிக்கெட்டும் வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு செல்லும். புறப்படும் நேரத்துக்குப் போதிய அவகாசம் விட்டு ரத்து செய்தால், சிறு பிடித்தம் போக மீதி திரும்பக் கிடைக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ரத்து செய்யாமல் பாஹியாவுக்கே போவேன். அந்த மலைகளும் அருமையானவை.

கேள்வி: கடைக்காரர் அட்டை இயந்திரத்தில் ‘ரூபாயிலா, ரியாலிலா?’ என்று கேட்டால்?

பதில்: ரியால். எப்போதும் ரியால். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை அவர்கள் வைப்பார்கள். இயந்திரத்தின் திரையில் தொகை தெரியாமல் அட்டையைத் தொடாதீர்கள். திரை உடைந்த இயந்திரம் என்றால் வாங்காமல் நடையைக் கட்டுங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்து மின் கெட்டில் எடுத்துப் போகலாமா?

பதில்: வேண்டாம். ரியோவிலும் சாவோ பாலோவிலும் 127 வோல்ட். நம் கெட்டில் அங்கே மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்கூடச் சூடேறாது. ரெசிஃபேயிலும் பிரசிலியாவிலும் 220, ஆனால் நம் தடித்த பின் அங்குள்ள துளையில் நுழையாது. மெல்லிய இரண்டு பின் உள்ள கைபேசி சார்ஜர் நுழையும், இரண்டு மின்னழுத்தத்திலும் வேலை செய்யும்.

கேள்வி: மனாவுஸ் துறைமுகத்தில் சீருடை போல ஏதோ அணிந்த ஒருவர் பெலேம் போகும் படகுக்கு டிக்கெட் விற்றார். தனி அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து என்றார். படகில் ஏறினால் அந்தச் சீட்டு திறந்த தளத்துக்கு மட்டும் என்கிறார்கள். நானும் மனைவியும் படுக்கக்கூட ஒன்றுமில்லாமல் முதல் இரவைத் தரையில் கழித்தோம். முட்டாள்தனம் செய்துவிட்டோமா?

பதில்: இல்லை ஐயா. களைத்து வந்து இறங்கும் வெளியூர்க்காரரை வழிமறிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் அவர்கள். மனாவுஸுக்கும் பெலேமுக்கும் நேர்ச் சாலை கிடையாது, அமேசான் ஆற்று ஓட்டத்தோடு போனாலே ஏறக்குறைய நான்கு நாள். மாற்று வழி விமானம்தான் என்பதால் படகை நம்பி வருகிறவர்களைப் பிடிப்பது எளிது. இதைப் படித்துவிட்டுப் போகப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: துறைமுகக் கட்டடத்துக்குள் உள்ள சன்னலில் வாங்குங்கள், அல்லது படகுக்கே போய் அலுவலரைப் பார்த்து, அறையைக் கண்ணால் கண்ட பிறகு பணம் கொடுங்கள். சாப்பாடு சேர்ந்ததா என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

திறந்த தளம் என்றால் தொங்கு படுக்கை உங்களுடையதாக இருக்க வேண்டும். துறைமுகத்தைச் சுற்றிய கடைகளில் விற்பார்கள். நான் வாங்கிய மெல்லிய நைலான் படுக்கை, முதல் இரவு ஆற்றுக் காற்று அடித்தபோதே அது எதற்கு மலிவு என்று காட்டிவிட்டது. கனத்த பருத்தி வாங்குங்கள். இரு முனையிலும் நூல்கள் ஒன்றுசேரும் வளையத்தை விரலில் மாட்டி இழுத்துப் பாருங்கள். அங்கே இழை பிரிந்தால் அந்தப் படுக்கை உங்களைத் தாங்காது. கட்டுவதற்குக் கயிறு தனியாக வாங்க வேண்டும், இரண்டு துண்டு. படகு கிளம்பப் பல மணி நேரம் முன்னதாகவே ஏறி, இயந்திர அறைக்கும் கழிவறைக்கும் தள்ளி இடம் பிடியுங்கள்.

கேள்வி: இகுவாசு அருவியை அர்ஜென்டினா பக்கமும் பார்க்கும் ஒருநாள் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். பிரேசில் விசா போதும்தானே?

பதில்: போதாது. அது இன்னொரு நாடு. இந்தியக் கடவுச்சீட்டுக்கு அர்ஜென்டினாவின் அனுமதி பொதுவாகத் தனியாக வேண்டும். திரும்பி வர உங்கள் பிரேசில் விசா பல முறை நுழைய இடம் தருகிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் பணத்தைத் திரும்பக் கேட்டுவிட்டு பிரேசில் பக்கமே பாருங்கள்.

கேள்வி: பிரேசில் விமான நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பதில்லை என்கிறார்கள். பிறகு எதற்கு அந்தச் செலவு?

பதில்: கேட்கப்போவது பிரேசில் அல்ல, இந்தியா. பிரேசிலிலிருந்து திரும்புகிறவரிடம் சான்றிதழ் இல்லையென்றால் இங்கே ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். அதோடு அமேசான் பக்கம் போகிறவருக்கு அந்த ஊசி உயிர்காப்பு. சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதும் செல்லும், ஆனால் போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் நடைமுறைக்கு வரும். புறப்படும் தேதியை வைத்துப் பின்னோக்கி எண்ணி, இன்றே போய் நாள் வாங்குங்கள்.