யாரையும் நம்பாத இருபது வயதுக்கு, மனு எழுதுகிறவளின் பதில்

கேள்வி: “எனக்கு இருபது வயது. ஊர் பென்னாகரம் பக்கம். அதிகாரி, ஆசிரியர், தலைவர் என்று யார் மீதும் எனக்கு மரியாதை வரவில்லை. எல்லோரும் நடிக்கிறார்கள். சமூகம் பணத்தையும் சாதியையும் தவிர எதையும் மதிப்பதில்லை. கல்வி உதவித்தொகை என்ன ஆயிற்று என்று கேட்டால் ‘மேலே அனுப்பிவிட்டோம்’ என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. இப்படி நினைப்பது என் கோளாறா?”

கோளாறு எதுவும் இல்லை. கண் நன்றாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஆனால் நீங்கள் பார்த்தது கொஞ்சம்தான். மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு உங்களோடு ஒரு சண்டை இருக்கிறது. (தம்பியா தங்கையா என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

தருமபுரியில் மனு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவள் நான். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் அங்கே வெளியில் உட்காருவேன். மற்ற நாட்களில் தாலுகா அலுவலகம். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வண்டிப்பாதைத் தகராறு, குழாயில் தண்ணீர் வரவில்லை, பெற்ற மகன் சோறு போடவில்லை என எல்லாம் என் பேனா வழியாகத்தான் ‘ஐயா, வணக்கம்’ என்று ஆரம்பித்து உள்ளே போகும்.

வாசலில் போலீஸ்காரர்கள் பையைத் திறந்து பார்ப்பார்கள். 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனு கொடுத்தும் பலன் காணாத ஒரு குடும்பம் இரண்டு சிறு குழந்தைகளோடு தீக்கு இரையானது. அதன் பிறகு மண்ணெண்ணெய் இருக்கிறதா என்ற சோதனை பலமாகிவிட்டது. மனுவில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் பையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற இடம் அது. உங்களுக்கு வருகிற சிரிப்பு எனக்கும் வரும்.

உள்ளே போன மனுவுக்கு ஓர் எண் விழும். பிறகு கோட்டாட்சியர், வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர் என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் கிராம நிர்வாக அலுவலரின் மேஜைக்கு வந்து சேரும். அந்த மனுவே அவர் மீதான புகாராக இருந்தாலும், ‘விசாரித்து அறிக்கை அனுப்பவும்’ என்ற குறிப்போடு பல நேரம் அவரிடமேதான் வரும். அவரும் விசாரிப்பார். யாரை என்று கேட்காதீர்கள். சில வாரம் கழித்து, கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு மனு முடிக்கப்பட்டதாகச் செல்பேசிக்குச் செய்தி வரும். தண்ணீர் வந்திருக்காது, மனு மட்டும் முடிந்திருக்கும்.

நம் ஊர்ச் சரித்திரமும் உங்கள் கட்சிதான். 2000 பிப்ரவரி 2 அன்று, ஒரு தலைவருக்குத் தண்டனை கிடைத்த ஆத்திரத்தில் இலக்கியம்பட்டியில் கல்லூரிப் பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் கருகிப் போனார்கள். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட மூன்று பேரும், அது ஆயுள் தண்டனையாகக் குறைந்து, 2018இல் விடுதலையாகி வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

சமூகத்தின் பார்வை பற்றிக் கேட்டீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் தாடைக்குள் உருவாகும் வயதிலேயே கறை ஏறிவிடுவதால், எந்தப் பற்பசை போட்டுத் தேய்த்தாலும் போகாது. என் அக்கா மகள் சிரிக்கும்போது வாய்க்கு முன்னால் கை தானாக வந்து நிற்கும். ஓசூரில் வேலைக்கான நேர்காணலில் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, “பாக்கு போடுவாயா?” என்பது. தண்ணீரைக் கொடுத்தது ஊர், கறையைச் சுமப்பது பிள்ளை, ஒழுக்கம் பற்றிக் கேட்பது யாரோ. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டபோது அவளுக்கு எல்லாப் பல்லும் முளைத்துவிட்டன.

ஆக, நம்பாமல் இருப்பதற்குக் காரணம் தேடி நீங்கள் எங்கேயும் அலைய வேண்டாம். இனிமேல்தான் சண்டை.

பாலக்கோடு பக்கமிருந்து ஒரு பாட்டி மனு எழுத வருவார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் ஒரு பாலிதீன் உறை. அதற்குள் இதுவரை கொடுத்த ஒவ்வொரு மனுவின் நகலும், அதன் ஒப்புகைச் சீட்டும் குண்டூசி குத்தி இருக்கும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முத்திரையின் நிறத்தையும் தாளின் மடிப்பையும் வைத்தே எது எந்த அலுவலகத்துச் சீட்டு என்று சொல்லிவிடுவார். “இந்த ஊதா மை கலெக்டர் ஆபீஸ். மசமச என்று இருக்கிறதே, அது தாலுகா.” ஒரு தடவைகூடத் தவறியதில்லை. கூட வந்த பேரனுக்கு உங்கள் வயதுதான் இருக்கும். செல்பேசியை நோண்டிக்கொண்டே, “ஆயா, இதெல்லாம் ஒன்றும் நடக்காது” என்றான்.

“நடக்காது என்று எனக்கும் தெரியும்டா. அப்படி ஒரு மனுவே வரவில்லை என்று நாளைக்கு அவன் சொல்லிவிடக் கூடாது, இல்லையா?” என்றார் பாட்டி.

அந்த இரண்டு பேரில் அதிகாரத்தை அதிகம் சந்தேகப்படுகிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். பேரன் எதையும் கேட்பதில்லை. யாரையும் தொந்தரவு செய்வதில்லை. அவனைப் போல ஆயிரம் பேர் இருந்தால் எந்த அலுவலகத்துக்கும் கொண்டாட்டம்தான். பாட்டி வந்து நின்றால்தான் கோப்பைத் தேட வேண்டியிருக்கிறது. நீங்களும் எதையும் நம்பாதவர் என்று சொல்லிக்கொள்கிறீர்கள். ஆனால் ‘எதுவும் மாறாது’ என்பதை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் அப்படியே நம்புகிறீர்கள்.

அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தன. அடி, சூறை, பதினெட்டுப் பெண்கள் மீது பாலியல் வன்கொடுமை. அரசாங்கம் என்றாலே காறித் துப்பும் உரிமை உலகத்தில் யாருக்காவது உண்டென்றால் அவர்களுக்குத்தான் முதலில் உண்டு. அவர்கள் விடவில்லை. பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் துணை நின்றார்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் ஓர் அதிகாரி நேரில் வந்து விசாரித்து, நடந்தது உண்மை என்று அறிக்கை கொடுத்தார். அவரும் அரசுச் சம்பளம் வாங்கியவர்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1995இல் வழக்கு சிபிஐக்குப் போனது. குற்றம் சாட்டப்பட்டவர்களை அடையாள அணிவகுப்பில் நிறுத்தியபோது அந்தப் பெண்கள் ஆளைக் காட்டினார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

முப்பத்தொரு வருடம். இதை நீதி என்று நான் கொண்டாடச் சொல்லவில்லை. தாமதம் என்று வாய்கூசாமல் சொல்லவும் முடியவில்லை, அது அதைவிட மோசமான ஒன்று. ஆனால் சீருடை போட்டவன் தப்பே செய்யமாட்டான் என்று எல்லோரும் பேசிய நாளில், அந்தச் சீருடைகளைக் கூண்டில் ஏற்றியவர்கள் படிப்போ பணமோ இல்லாதவர்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இது உங்களைச் சுடலாம். அரசாங்கத்தைக் கிண்டல் செய்யும் பிள்ளைகள் பலரின் செல்பேசியில் முகப்புப் படமாகச் சாதித் தலைவர் இருப்பதைப் பார்க்கிறேன். ஆசிரியர் சொன்னால் நக்கல், அந்தத் தலைவர் சொன்னால் சிலிர்ப்பு. 2012 நவம்பர் 7 அன்று நாய்க்கன்கொட்டாய் பக்கம் ஒரு காதல் திருமணத்தைச் சாக்காக வைத்து நத்தம் காலனி உட்பட மூன்று தலித் குடியிருப்புகளைக் கொளுத்தியது எந்த அதிகாரியும் இல்லை, சுற்றுவட்டாரத்து ஆட்கள். உங்கள் அவநம்பிக்கை அந்த வாசல் வரைக்கும் போகிறதா, இல்லை தாலுகா அலுவலகத்தோடு நின்றுவிடுகிறதா? உங்களைப் பற்றி எனக்குத் தெரியாது. கேட்டு வைக்கிறேன்.

மரியாதை வரவில்லை என்பதற்கெல்லாம் கவலைப்படாதீர்கள். நாற்காலிக்கு மரியாதை கொடுத்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உள்ளே எழுந்து நின்று பதில் சொல்லும் குமாஸ்தாக்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குக் கொடுங்கள்.

உதவித்தொகைக்கு வருவோம். ‘மேலே அனுப்பிவிட்டோம்’ என்பது பதில் இல்லை. அந்தத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு போடுங்கள். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பம் என்றால் சான்று வைத்தால் அதுவும் வேண்டாம். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதே துறையில் மேல்முறையீட்டு அலுவலர் இருப்பார், அவருக்கு எழுதுங்கள். ‘ஏன் தரவில்லை’ என்று மட்டும் கேட்காதீர்கள், விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். என் விண்ணப்பம் எந்தத் தேதியில் வந்தது, எந்தக் கடித எண்ணில் எங்கே அனுப்பப்பட்டது, இன்றைக்கு யார் பொறுப்பில் இருக்கிறது, கோப்புக் குறிப்பின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். ‘மேலே’ என்று சொன்னவர் அந்த மேலே எங்கே இருக்கிறது என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிவரும். நகல் எடுத்து வைத்துக்கொள்ள மறக்காதீர்கள்.

தமிழிலேயே எழுதலாம். உங்கள் கேள்வியில் ஒரு பிழைகூட இல்லை, ஆகவே இதற்காக என்னைப் போன்ற ஒருத்திக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.