குடித்துவிட்டு வந்து அப்பாவை அடிப்பவரைத் திருப்பி அடிக்கலாமா? எவ்வளவு அடிக்கலாம்?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பக்கத்துக் காம்பிராவில், அதாவது பக்கத்து அறையில், இருப்பவர் சம்பளத்தன்று குடித்துவிட்டு வந்து உங்கள் அப்பாவை இதுவரை இரண்டு முறை அடித்திருக்கிறார். மூன்றாவது முறை கை வைத்தால் நான் திருப்பி அடிப்பது சரியா, அடித்தால் எவ்வளவு அடிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டுகிற அப்பாவின் கவ்வாத்துக் கத்தி இருக்கிறது என்றும் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

பொறுத்துப் போங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இலங்கை மலையகத்தில் நம் ஆட்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்ததே அதைத்தான். என் தாத்தாவை ஒரு கணக்கப்பிள்ளை, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் எட்டி உதைத்தாராம். தாத்தா எழும்பி, விழுந்த தலைப்பாகையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு "சரிங்க ஐயா" என்றாராம். பாட்டி இதைச் சொல்லும்போதெல்லாம் அழுவார். உதை வாங்கியதைவிட அந்தச் "சரிங்க"தான் அவருக்குத் தாங்கவில்லை. எதிர்த்து நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் செத்தார். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணியைப் பறிக்காதே என்று நின்றவர்கள் மீது சுட்டதில் சிவனு லெட்சுமணன் செத்தார். அளவு மீறிய பலம் எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதனால்தான், நம் கையில் ஒரு கட்டை வரும்போது அந்த அளவை நாமும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எனக்குப் பதினான்கு வயதாக இருக்கும்போது எங்கள் லயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பீலியில் தண்ணீர் பிடிக்கிற வரிசையில் தொடங்கிய வாய்த்தகராறு. சாயந்தரம் ஆறு மணி இருக்கும், பனி இறங்கிவிட்டது. எதிர் லயத்துக்காரர் குடிக்கிற இடமான தவறணையிலிருந்து நேராக எங்கள் வாசலுக்கு வந்தார், கையில் விறகுக் கட்டை. அப்பா வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து கம்பளியை உதறிக்கொண்டிருந்தார். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது தலைக்கு வந்தது, அப்பா விலகியதில் காதைக் கிழித்துக்கொண்டு போனது. அப்பா எழும்பி அந்தக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, அவர் நெஞ்சில் ஓங்கி ஒரு தள்ளு தள்ளினார். அவர் தடுமாறிப் போய் வாசலுக்கு முன்னால் இருந்த வடிகால் கானில் மல்லாந்து விழுந்தார். இப்போது கட்டை அப்பா கையில். நான் கதவோரம் நின்று, அடி அப்பா, அடி என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அப்பா அந்தக் கட்டையைக் கூரைமேல் தூக்கி எறிந்தார். தகரத்தில் அது கடகடவென்று உருண்டு கோடிப்பக்கம் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. கூச்சல் கேட்டு மேல் லயத்திலிருந்து சித்தப்பா மண்வெட்டிப் பிடியோடு ஓடி வந்தார். அண்ணன் கழுத்தில் ரத்தம் வடிவதைப் பார்த்தார். கானில் கிடந்தவர் எழும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா ஓங்கியதும் அவர் கையைத் தூக்கினார். தலையை மறைத்துக்கொள்ளத் தூக்கிய கை அது. அந்தக் கையில்தான் அடி விழுந்தது. காய்ந்த மிலாறு முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

இரண்டும் ஒரு நிமிஷத்துக்குள் நடந்தவை. அடி வாங்கியது ஒரே ஆள்தான், அப்பாவுக்கு இருந்த கோபம் சித்தப்பாவின் கோபத்துக்குக் குறைந்ததும் இல்லை. ஆனாலும் அப்பா மேல் வழக்கு வரவில்லை. சித்தப்பா மூன்று வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தார்.

ஏன் என்று எங்கள் சட்டத்தரணி நீதிமன்ற வராந்தாவில் நின்று விளக்கினார். பிற்பாடு நானே சட்டத்தை எடுத்து வாசித்துப் பார்த்தேன். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 89ஆம் பிரிவிலிருந்து 99 வரை தற்காப்பு உரிமை பற்றித்தான். உங்கள் உடம்பை மட்டுமல்ல, இன்னொருவர் உடம்பைக் காப்பாற்றவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது என்கிறது 90ஆம் பிரிவு. ஆக, அப்பாவுக்காக நீங்கள் குறுக்கே போவது குற்றமே இல்லை. குடித்திருந்தவன், புத்தி பேதலித்தவன் என்பதால் அந்த உரிமை குறைந்துவிடாது, அது 91. ஆபத்து வரப்போகிறது என்று நியாயமாகப் பயப்படும்போதே உரிமை தொடங்கிவிடும், முதல் அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பயம் இருக்கும்வரைதான் உரிமையும் இருக்கும் என்பது 95. தடுப்பதற்கு எவ்வளவு தேவையோ அதற்கு மேல் காயப்படுத்த உரிமை இல்லை, பொலிஸிடம் போக நேரம் இருந்தால் அந்த உரிமையே இல்லை என்பது 92.

சித்தப்பா சாகும்வரை ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "எந்திரிச்சா திரும்ப வந்திருப்பான்ல?" வந்திருக்கலாம். நம் மலைப்பாதையில் பொலிஸ் ஜீப் ஏறி வர எவ்வளவு நேரமாகும் என்பதும் எனக்குத் தெரியும். கானில் கிடந்தவர் எழும்பி மறுபடி கட்டையைத் தேடிப் போயிருந்தால் நானே சித்தப்பா பக்கம் பேசியிருப்பேன். ஆனால் அந்த நேரத்தில் அவர் கையில் ஒன்றும் இல்லை. முதுகு கான் தண்ணீரில் நனைந்து கிடந்தது. எலும்பு முறிந்தால் சட்டத்தில் அது கடுங்காயம். சாதாரணக் காயம் என்றால் மத்தியஸ்த சபையில் பேசி முடித்திருக்கலாம் என்று ஊரில் பலர் சொன்னார்கள். முறிந்த எலும்பை வைத்துக்கொண்டு யாரும் அப்படிப் பேசத் துணியவில்லை.

இதை வாசித்துவிட்டு, அவன் கையால் அடித்தால் நான் கையால்தான் அடிக்க வேண்டும், ஒன்றுக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் கடைசிக் காம்பிராவில் ஒரு அக்கா இருந்தார். நாற்பது கிலோகூட இருக்க மாட்டார். ஒரு ராத்திரி புருஷன் அவர் கழுத்தைச் சுவரோடு சேர்த்து நெரித்திருக்கிறார். அடுப்பில் சாயத் தேநீருக்குக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை அக்கா கேத்தலோடு எடுத்து ஊற்றிவிட்டார். ஆள் தோளிலிருந்து இடுப்புவரை வெந்துபோனார். லயத்தில் பாதிப் பேர் "என்ன இருந்தாலும் புருஷன், இப்படியா" என்றார்கள். எனக்கு அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே நினைப்புதான். அந்தக் கைக்கு எட்டியது அந்தக் கேத்தல் ஒன்றுதான், மூச்சு நிற்கப் போகிற ஒருத்தி தராசு வைத்து நிறுத்துப் பார்க்க முடியாது. உயிர் போய்விடும், கடுங்காயம் வந்துவிடும் என்று நியாயமாகப் பயப்படுகிற இடத்தில், எதிராளி உயிரே போனாலும் அது தற்காப்பில் அடங்கலாம் என்று 93ஆம் பிரிவு சொல்கிறது. ஊற்றிவிட்டு அக்கா வெளியே ஓடி எங்கள் கதவைத் தட்டினார். மறுபடி உள்ளே போய் அடுத்த பானையை எடுக்கவில்லை. (இதை வாசிக்கிற பெண்கள் யாராவது அந்த நிலைமையில் இருந்தால், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். 1938 என்பது பெண்களுக்கான உதவி இலக்கம்.)

சித்தப்பா வழக்கில் இன்னொன்று நடந்தது. பொலிஸ் வாக்குமூலம் எடுத்தபோது, "கட்டை அவன் கையில இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிடுண்ணே" என்று சித்தப்பா அப்பாவின் கையைப் பிடித்துக் கேட்டார். அப்பா சொல்லவில்லை. "கட்டைய நான் கூரைக்கு மேல எறிஞ்சிட்டேன், அதுக்கப்புறம்தான் தம்பி வந்தான்" என்றார். அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருவருக்கும் பேச்சில்லை. தீபாவளிக்குக்கூட மேல் லயத்திலிருந்து பலகாரம் வராது. கை முறிந்தவருக்கு எலும்பு கோணலாகவே பொருந்திவிட்டது, கவ்வாத்து வேலைக்கு அதற்கப்புறம் அவரால் போகவே முடியவில்லை. அவர் மகள் என் வகுப்பு. ஒரு வருஷத்தில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொழுந்துக் கூடையைத் தூக்கினாள். சித்தப்பாவுக்கும் தவணைக்குத் தவணை ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் கூலி, போனது.

இப்போது உங்களுக்கு. அந்தக் கத்தியை இன்றைக்கே வீட்டுக்குள்ளிருந்து எடுத்துவிடுங்கள். சாய்வாக ஒரே வெட்டில் கிளையை விழுத்த வேண்டும் என்பதற்காகத் தீட்டித் தீட்டி வைத்திருக்கிற கத்தி அது. அதை வைத்துக்கொண்டு யாராலும் கொஞ்சமாக அடிக்க முடியாது. வேலை முடிந்து வந்ததும் வேறு யார் வீட்டிலாவது கொடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

அவர் வரும்போது நீங்கள் அப்பாவுக்கு முன்னால் நில்லுங்கள். கை ஓங்கினால் அந்தக் கையைப் பிடியுங்கள், முறுக்கிக் கீழே தள்ளுங்கள், அதற்குமேல் ஓங்கினால் ஓங்குகிற கையை அடியுங்கள். பயப்பட வேண்டாம், இதெல்லாம் உங்கள் உரிமை. விழுந்துவிட்டாலோ, திரும்பி நடந்தாலோ, கையில் இருந்ததைப் போட்டுவிட்டாலோ நிறுத்திவிடுங்கள். லயத்து ஆட்களைக் கூப்பிட்டுப் பிடித்து வைத்துக்கொண்டு 119க்கு அழையுங்கள்.

ஏற்கெனவே இரண்டு தடவை அடித்ததற்கு முறைப்பாடு கொடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுக்கவில்லையென்றால் நாளைக் காலையில் அப்பாவை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காயத்தைப் பதியச் சொல்லுங்கள், அப்படியே பொலிஸுக்குப் போங்கள். தோட்டத்துச் சங்கத் தலைவரையும் கூட்டிப்போனால் நல்லது. முறைப்பாட்டு இலக்கத்தை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தலைவர் வர மறுத்தால் இங்கே எழுதுங்கள், என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.