வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வேற நாட்டுல போய் ஜெயில் கைதிகளுக்காகவே வாழ்ந்த யாராவது இருக்காங்களா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: இருந்தாங்கம்மா, மதர் அன்டோனியான்னு ஒரு சிஸ்டர். அமெரிக்காவுல பணக்காரங்க வாழுற பெவர்லி ஹில்ஸ்ல வளர்ந்தவங்க, ரெண்டு கல்யாணமும் விவாகரத்துல முடிஞ்சுது, 7 பிள்ளைங்க. விவாகரத்து ஆனவங்க, வயசும் ஆச்சுன்னு எந்த கன்னியர் சபையும் சேர்த்துக்கல, அதனால துறவி உடுப்பை தானே தைச்சு போட்டுக்கிட்டு, 50 வயசுக்கப்புறம் மெக்சிகோவுல டிஹுவானா ஊர் லா மேசா ஜெயிலுக்கே குடிபோயிட்டாங்க. பார்த்துட்டு வர்றதில்ல, அங்கேயே ஒரு சின்ன செல்லுல 30 வருஷத்துக்கு மேல! கைதிங்க சாப்பாடுதான், பச்சத்தண்ணி குளியல்தான், காலையில அவங்களோடவே வரிசையில நின்னு ஆஜர் சொல்லணும்.

சில்லறைத் திருட்டுல மாட்டினவங்களுக்கு ஜாமீன் பணம் கட்டுவாங்க, பல்லு போனவங்களுக்கு பல்செட் வாங்கித் தருவாங்க. பல்செட்டுங்கிறது சின்ன விஷயமில்லங்க, வெளிய வந்து வேலை கேக்கறப்ப வாயைத் திறந்து பேசணும்ல. 1994ல கலவரம் வெடிச்சப்ப கரண்ட் இல்லாத இருட்டுல உள்ள போய் கைதிங்ககிட்ட பேசி ஆயுதத்தை கீழ போட வச்சாங்க. என்னைக் கேட்டா, கூடவே வாழ்ந்ததாலதான் அவங்க பேச்சை கேட்டாங்க. 2013ல 86 வயசுல காலமானாங்க.