கை மரத்துப் போகுதா? ஃப்ளெக்ஸ் ஹேண்டில்பார் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

ஈரோட்டுல இருந்து ஒருத்தர் கேட்டிருக்காரு. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக் வச்சிருக்காராம், வயசு 41, எடை 84 கிலோ. போன ஜூலைல ஹிமாச்சல்ல மணாலியில இருந்து காஸா போயிருக்காரு, கல்லும் பள்ளமுமான அந்த ரோட்டுல கிராம்ஃபூ தாண்டி பாதல் போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டு கையும் மரத்துப்போயி கிளட்சே பிடிக்க முடியலயாம். ரப்பர் வச்சு வளைஞ்சு குடுக்குற ஹேண்டில்பார் இருக்காமே, அதை வாங்கலாமா, வாங்குனா எதைப் பாத்து வாங்கணும்ங்கறது கேள்வி.

வாங்கலாம் சார். ஆனா இப்ப வேணாம், அடுத்த மாசம் வாங்குங்க. ஏன்னு சொல்றேன்.

முதல்ல எந்த விரல் மரத்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல்னா மணிக்கட்டு ரொம்ப நேரம் மடங்கியே இருந்திருக்குன்னு அர்த்தம், பெரும்பாலும் கிளட்ச், பிரேக் லீவர் ரொம்ப மேலயோ கீழயோ இருக்கும். சுண்டு விரலும் மோதிர விரலும்னா உள்ளங்கையோட வெளி ஓரத்துல உடம்பு பாரத்தைப் போட்டு அழுத்தி ஓட்டியிருக்கீங்க. ரெண்டும் இல்லாம முன்கையே கல்லு மாதிரி இறுகி விரலை மடக்க முடியலன்னா அது ஆர்ம் பம்ப், பயத்துல கிரிப்பை இறுக்கிப் புடிக்கிறதுல வர்றது. கிளட்ச் பிடிக்க முடியலன்னு நீங்க சொல்றதைப் பாத்தா எனக்கு இதுதான்னு தோணுது. வீட்டுக்கு வந்த பிறகும் ராத்திரில மரத்துப்போய் முழிப்பு வருதுன்னா ஹேண்டில்பார் கடைக்குப் போகாதீங்க, டாக்டர்கிட்ட போங்க.

இப்ப அந்த பார் என்ன செய்யும்னு பாப்போம். அமெரிக்காவுல ஃபாஸ்ட் கம்பெனி பண்ற ஃப்ளெக்ஸ் பார்தான் இதுல பேர் போனது. சாதா பார் ஒரே குழாயா இருக்கும், இதுல ரெண்டு பக்கமும் கிளாம்ப், அதாவது பாரை வண்டியோட புடிச்சு வைக்கிற பிடி, அதுக்குப் பக்கத்துல ஒரு கீல் இருக்கும், கதவுக்கு வர்ற மாதிரி. குறுக்குக் கம்பியோட ரெண்டு முனையிலயும் எலாஸ்டோமர், அதாவது ஸ்கூல் பையன் அழிரப்பர் சைஸுக்கு கெட்டியான துண்டு, உக்காந்திருக்கும். கையால கீழ அமுக்குனா கொஞ்சம் இறங்கும், ஆனா முன்னாடி பின்னாடி தள்ளுனா அசையாது, அதனால வண்டி திருப்பும்போது கொழகொழன்னு இருக்காது. இறங்கும்போது அமுங்குறது ஒன்னு, திரும்பி மேல வரும்போது பிடிச்சு நிறுத்துறது இன்னொன்னு. கல்லு மேல ஏறி இறங்குறப்ப மணிக்கட்டுக்கு வர்ற கூர்மையான அடியை இது நல்லாவே வாங்கிக்கும். அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க. இஞ்சின்ல இருந்து வர்ற சன்னமான கிர்ர்ர் அதிர்வுக்கு நல்ல கிரிப்பும் பார் நுனியில மாட்டுற எடைக்கட்டியும் (பார் எண்ட் வெயிட்)தான் மருந்து, ரோட்டுல படிப்படியா வர்ற தடதடப்புக்கு சஸ்பென்ஷனும் டயர் காத்தும்தான்.

அதனால ஒரு மாசம் காசு செலவில்லாத வேலைய முதல்ல பண்ணுங்க. பாதிப் பேரு ஹைவேக்கு அடிச்ச காத்தோட அப்படியே கல்லு ரோட்டுல ஏறிடுறாங்க, நானும் அப்படித்தான் பல வருஷம் ஓட்டுனேன். டியூப் டயர், மேல லக்கேஜ் வேற, அதனால காத்தை ரொம்ப இறக்குனா கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல டியூப் நசுங்கி பிஞ்ச் பஞ்சர் ஆகும், ஒரு 20 பிஎஸ்ஐ பக்கம் வச்சு ஓட்டிப் பாருங்க, தார் ரோடு வந்ததும் ஏத்திக்கோங்க. ஃபோர்க் ஆயில், அதாவது முன் சஸ்பென்ஷனுக்குள்ள இருக்குற ஆயில், எப்ப மாத்துனீங்கன்னு ஞாபகம் இருக்கா? இல்லன்னா மாத்திடுங்க. உங்க வண்டியில முன் சஸ்பென்ஷன் 190 மி.மீ. வரைக்கும் அமுங்கும் (டிராவல்), ஆயில் செத்துப்போனா அதுல பாதிகூட ஒழுங்கா வேலை செய்யாது, மிச்சம் மொத்தமும் உங்க மணிக்கட்டுதான் வாங்கும். அப்புறம் நின்னு ஓட்டுறப்ப முட்டியால டேங்கைக் கவ்வணும், கைல பாரம் இருக்கக் கூடாது. நின்னுக்கிட்டே ரெண்டு கை விரலையும் லேசா விரிச்சுப் பாருங்க, விழுற மாதிரி இருந்தா பார்ல தொங்கிக்கிட்டு ஓட்டுறீங்கன்னு அர்த்தம். லீவரையும் நின்ன நிலையில கை நீட்டுனா மணிக்கட்டு நேரா வர்ற மாதிரி கொஞ்சம் கீழ திருப்பி வைங்க, பத்து நிமிஷ வேலை, ஒரு ஸ்பேனர் போதும்.

இதெல்லாம் பண்ணியும் வலி போகலன்னா தாராளமா பார் பக்கம் வாங்க. எடுத்த எடுப்புலயே ஃப்ளெக்ஸ் பாருக்குத் தாவணும்னும் இல்ல. அலுமினியத்துல நடுவுல 28.6 மி.மீ. தடிமனா, ஓரத்துல 22 மி.மீ.க்கு சிறுத்துப் போற டேப்பர் பார் இருக்கு, குறுக்குக் கம்பி கிடையாது, அதுவே கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும், விலையும் ரொம்பக் கம்மி. இன்னொன்னு, பாரை விட்டுட்டு பாரைப் புடிக்கிற கிளாம்ப்ல எலாஸ்டோமர் வைக்கிற எக்ஸ்ட்ரிக் பிஹெச்டிஎஸ் மாதிரி சமாச்சாரம், ஆனா அது பெரும்பாலும் கேடிஎம் மாதிரி எண்டியூரோ (காட்டு ரோட்டுப் பந்தய) வண்டிகளோட டிரிபிள் கிளாம்புக்கு, அதாவது ஃபோர்க்கைப் புடிச்சு வைக்கிற பாகத்துக்கு, வர்றது, உங்க வண்டிக்கு நேரா உக்காராது. ஃப்ளெக்ஸ் பார்னா அமெரிக்காவுலயே 400 டாலர் பக்கம் ஆகும், மேல கஸ்டம்ஸ், கூரியர் எல்லாம் இருக்கு, அந்தக் காசுக்கு நல்ல ஃபோர்க் ஸ்பிரிங் போட்டுட்டு மிச்சத்துல பெட்ரோலும் அடிக்கலாம். அது உங்க இஷ்டம்.

வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டா ரெண்டு விஷயத்துல ஏமாறாதீங்க. ஒன்னு அளவு. உங்க வண்டி பார் 22 மி.மீ., ஃப்ளெக்ஸ் பார் நடுவுல 28.6, அதனால பழைய கிளாம்ப்ல நுழையாது, பெரிய கிளாம்ப் தனியா வாங்கணும். அதுல பார் உயரம் ஏறும், உயரம் ஏறுனா ஆக்சிலரேட்டர் கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடும். மாட்டுனதும் ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பிப் பாருங்க, இஞ்சின் ஓடும்போது திருப்புனா ஆர்பிஎம் ஏறுதான்னும் பாருங்க, ஏறுச்சுன்னா கேபிள் இழுக்குது, அப்படியே ஓட்டாதீங்க. இன்னொன்னு எலாஸ்டோமர் கடினம். கலர் கலரா வரும், மெதுசுல இருந்து கெட்டி வரைக்கும். 84 கிலோன்னா நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேல இருந்து ஆரம்பிங்க, மெதுசைப் போட்டா சின்னக் கல்லுக்கே அடி வரைக்கும் அமுங்கிடும், அப்புறம் சாதா பாருக்கும் அதுக்கும் வித்தியாசம் இல்ல. குளிர்ல இந்த ரப்பர் இன்னும் இறுகும், காஸா போற வழியில வர்ற குன்ஸும் பாஸ் 4,500 மீட்டருக்கு மேல, ஈரோட்டு வெயில்ல இருந்த மாதிரி அங்க காலைல இருக்காது. அதனால ஒரு படி மெதுசான செட்டும் பைல போட்டுக்கோங்க.

கைக்கு முன்னாடி பாதுகாப்புக்கு மாட்டுற ஹேண்ட்கார்டு விஷயத்தையும் சொல்லிடுறேன், இதுல நானே முட்டாள் ஆனவன். முழுசா சுத்தி வர்ற அலுமினிய ஹேண்ட்கார்டை ஒரு முனை பார் நுனியிலயும் இன்னொரு முனை கிளாம்ப் பக்கத்துல, கீலுக்கு உள்பக்கமாவும் மாட்டி வச்சிருந்தேன். ரெண்டு ரைடு ஓட்டிட்டு, என்னடா இது இவ்ளோ காசு குடுத்தும் ஒரு மாத்தமும் இல்லயேன்னு பொலம்பிக்கிட்டு இருந்தேன். ஒரு ஃபிரெண்டு வந்து பாரை அமுக்கிப் பாத்துட்டு சிரிச்சான். ஹேண்ட்கார்டு கம்பி கீலைத் தாண்டி பாலம் போட்டு நின்னா அது எங்க இறங்கும்? ரெண்டு முனையும் அசையுற பாகத்துலயே இருக்கணும்.

பழைய ஸ்டீல் பாரைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஸ்டீல் வளைஞ்சா ஊர்ல யாராவது நிமித்திக் குடுப்பாங்க, அவசரத்துக்கு வீடு வந்து சேரலாம். அலுமினியத்தை நிமித்தவே கூடாது, விரிசல் கண்ணுக்குத் தெரியாம இருந்துட்டு ஒரு நாள் பட்டுனு போயிடும். ஃப்ளெக்ஸ் பார் போட்டீங்கன்னா கீல் போல்ட்டுல ஆட்டம் இருக்கான்னு ஒவ்வொரு பெரிய ரைடுக்கு முன்னாடியும் கையால ஆட்டிப் பாருங்க, டொக்குனு சத்தம் வந்தா கீலுக்குள்ள இருக்குற புஷ் தேஞ்சிருக்கு.