காய்ச்சினால் ஈயம் போகாது
சிகாகோவில் 1950களில் கட்டிய வீடு, சிங்க்கில் நீலப்பச்சைக் கறை, குழந்தையின் பால் பவுடருக்குத் தண்ணீரைக் காய்ச்சினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாதுங்க, நீர்தான் ஆவியாகும், ஈயம் அப்படியே தங்கி இன்னும் செறிவாகும். அந்தக் கறை செம்பால் வருவது. தண்ணீரில் கரைந்த ஈயத்துக்கு நிறமும் இல்லை, சுவையும் இல்லை. அங்கே 1986 வரை தெருவிலிருந்து வீட்டுக்கு ஈயக் குழாய்தான் போட்டார்கள், அதனால் தண்ணீர் மீட்டருக்கு முன்னால் வரும் குழாயை ஒரு நாணயத்தால் மெல்லச் சுரண்டுங்கள், வெள்ளியாகப் பளபளத்து, காந்தமும் ஒட்டாவிட்டால் ஈயமேதான். நகராட்சி கலக்கும் பாஸ்பேட் குழாயின் உள்ளே படலமாகப் படிந்து அரிப்பைக் குறைக்கும், ஆனால் ராத்திரி முழுக்கத் தேங்கிய தண்ணீரை நம்பாதீர்கள். நகராட்சியின் உதவி எண் 311-ஐக் கூப்பிட்டால் தண்ணீரை இலவசமாகச் சோதிப்பார்கள். அதுவரை குழந்தைக்குப் பாட்டில் தண்ணீர்தான், தயவுசெய்து இன்றைக்கே.