பதில்: மகள் அணு மருத்துவம் படிக்கலாமா?
வணக்கம் சகோதரி. பி.எஸ்சி. இயற்பியல் முடித்த மகள் அணு மருத்துவ (கதிரியக்கப் பொருள்களைக் கொண்டு நோயைக் கண்டறிந்து சிகிச்சை தரும் துறை) ஆராய்ச்சிக்குப் போக விரும்புகிறாள், கதிர்வீச்சை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நான் இந்தத் துறையில் சேர்ந்தபோது என் அம்மாவும் இதே பயத்தில் அழுதார்.

தடுக்காதீர்கள். உடலில் பட்ட கதிர்வீச்சைப் பதிவுசெய்ய மார்பில் அணியும் பேட்ஜை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளப்பார்கள். ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் (கதிர்வீச்சு அளவின் அலகு) தாண்டக் கூடாது என்பது விதி. ஸ்கேனுக்காக நோயாளிக்குச் செலுத்தும் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளின் வீரியம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். நுரையீரல் வரை பரவிய தைராய்டு புற்றுநோயையும் அயோடின்-131 என்ற கதிரியக்க அயோடின் தேடிப்போய்த் தாக்கும். அதை ஒருமுறை பார்த்தவர்கள் இந்தத் துறையை எளிதில் விடமாட்டார்கள்.

கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியலை முதலில் விசாரியுங்கள். நீங்கள் சென்னையிலேயே இருப்பதால் வீட்டிலிருந்தே போய்வரலாம்.